கம்பி நின்ற இடம்: ஜோகூர் ரயில்பாதை டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாறிய விதம்

ஜோகூர் பாரு சென்ட்ரல் நிலையத்துக்கு வடக்கேயிருந்து வரும் ரயில்பாதையின் மேல் இப்போது 25 கிலோவோல்ட் மின்கம்பி ஓடுகிறது. கோலாலம்பூரிலிருந்து புறப்படும் இடிஎஸ் மின்ரயில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலையம் வரை வந்துவிடுகிறது. அதே நிலையத்திலிருந்து தெற்கே, கடற்பாலம் வழியாகச் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்குச் செல்லும் ஷட்டில் தெப்ராவ் ரயிலை மட்டும் டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது. கடற்பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். வடக்கே உள்ள கிம்மாஸ் நிலையத்திலிருந்து 192 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்தவர்கள் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் ஏன் இழுக்கவில்லை?

உட்லண்ட்ஸில் குடியிருப்பவன், மின்துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் இந்தக் கேள்வியை உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அலட்சியம் என்பார்கள் சிலர். அரசியல் என்பார்கள் வேறு சிலர். விவரங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த விடை வேறு. பழைய பாதையை மின்மயமாக்கியது வடக்கே சரியான முடிவு. பழைய பாதையைக் கைவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுவது தெற்கே சரியான முடிவு. இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை இருக்கிறது.

பழைய பாதை

சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியது 1903ஆம் ஆண்டில். டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை பாதை அமைந்தது. அதற்கப்பால் படகு. 1923இல் கடற்பாலத்தின் மீது ரயில் ஓட ஆரம்பித்த பிறகே தீவும் தீபகற்பமும் ஒரே தண்டவாளத்தில் இணைந்தன. 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் குவீன்ஸ்வே அருகே, தண்டவாளத்தின் ஓரத்தில், ரயில்வேயில் வேலை செய்த நம் மக்கள் முனீஸ்வரருக்கு ஒரு குடிசைக் கோயில் எழுப்பினார்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்பது அதுதான். மலாயா ரயில்வேயின் கற்களைச் சுமந்தவர்களிலும் கட்டைகளை அடுக்கியவர்களிலும் பெரும்பகுதி தமிழர்கள். ஆகவே இந்தப் பாதையைப் பற்றி எழுதும்போது வெறும் பொறியியலாக மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. அதை ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம். மறுநாள் முதல் சிங்கப்பூரின் ஒரே மலேசிய ரயில் நிலையமாக உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி ஆனது. தீவுக்குள் இருந்த பாதை நடைபாதையாயிற்று.

வடக்கிலிருந்து வந்த கம்பி

மலேசியாவின் மேற்குக் கரைப் பாதை ஒரே நாளில் மின்மயமாகவில்லை. 30 ஆண்டுகள் துண்டு துண்டாக நடந்த வேலை அது. 1995இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொம்யூட்டர் ரயில் தொடங்கியது. நாட்டின் முதல் மின்ரயில் சேவை அதுவே. 2010இல் ஈப்போவுக்கு இடிஎஸ் ஓடியது. 2013இல் சிரம்பான் முதல் கிம்மாஸ் வரையிலான பகுதி முடிந்தது. 2015இல் வடக்கே தாய்லாந்து எல்லையான பாடாங் பெசார் வரை மின்ரயில் சென்றது. கிம்மாஸுக்குத் தெற்கே மட்டும் ஒற்றைப் பாதையும் டீசலும் நீடித்தன. கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் வந்தவர்கள் கிம்மாஸில் இறங்கி டீசல் ரயிலுக்கு மாற வேண்டியிருந்தது.

கிம்மாஸ் – ஜோகூர் பாரு இரட்டைப் பாதை மின்மயத் திட்டம் மூன்று சீன நிறுவனங்களின் கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. தொடக்கத்தில் சொன்ன கெடுவைத் தாண்டிப் பல ஆண்டுகள் இழுத்தது. 2025 மார்ச் மாதம் சிகாமட்டுக்கும், ஆகஸ்டில் குளுவாங்குக்கும், டிசம்பரில் ஜோகூர் பாருவுக்கும் இடிஎஸ் வந்தது. முன்பு ஆறேழு மணி நேரம் பிடித்த கோலாலம்பூர் – ஜோகூர் பாரு பயணம் இப்போது ஏறத்தாழ நான்கரை மணி நேரம்.

இந்த நேர மிச்சத்தை மின்சாரத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. குளுவாங்கில் இருக்கும் என் தாய்மாமா பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மின்சாரம் வந்ததும் எவ்வளவு வேகம், பார்த்தீர்களா மாமா?" என்று கேட்டேன். அவர் உடனே மறுத்தார். "வேகம் அப்புறம், தம்பி. அந்தக் காலத்தில் லாயாங் லாயாங்கில் வண்டி நின்றால் நின்றதுதான். எதிர்வண்டி வந்து சேராமல் நம் வண்டி நகராது. அரை மணி நேரமும் நிற்கும். இப்போது இரண்டு பாதை, யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை."

அவர் சொன்னது சரி. ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் ஒரு நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். ஒன்று தாமதமானால் மற்றதும் தாமதமாகும். அந்தத் தாமதம் நாள் முழுவதும் பாதையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். இரட்டைப் பாதையில் டீசல் ரயில் ஓட்டியிருந்தாலும் கணிசமான நேரம் மிஞ்சியிருக்கும். வளைவுகளை நேராக்கியதும் ஒரு காரணம். இவற்றோடு சேர்ந்தபோதுதான் மின்சாரம் தன் முழு வலிமையையும் காட்டியது. "மின்மயமாக்கினோம், பயணம் குறைந்தது" என்று ஒரே வரியில் எழுதும் அறிக்கைகள் இந்தப் பங்கீட்டை மறைத்துவிடுகின்றன.

கம்பிக்குக் கீழே நடப்பது

டீசல் ரயிலின் சக்கரத்தைச் சுழற்றுவது பெரும்பாலும் மின்மோட்டார்தான் என்பது பலருக்குத் தெரியாது. டீசல் எஞ்சின் ஒரு ஜெனரேட்டரை ஓட்டுகிறது, அது மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிறது. அதாவது அத்தகைய ஒவ்வொரு டீசல் ரயிலும் ஒரு சிறு மின்நிலையத்தையும் அதற்கான எண்ணெய்த் தொட்டியையும் முதுகில் சுமந்துகொண்டு ஓடுகிறது. அந்த மின்நிலையத்தைத் தரையிலேயே விட்டுவிட்டு, மின்சாரத்தை மட்டும் கம்பி வழியே எடுத்துக்கொள்வதே மின்மயமாக்கல்.

இதனால் எடை குறைகிறது. கிளம்பும்போது தேவைப்படும் திடீர்ச் சக்தியை மின்கட்டமைப்பிலிருந்து அள்ளிக்கொள்ளலாம். மோட்டார்களைப் பல பெட்டிகளின் அடியில் பிரித்து வைக்கலாம் என்பதால் பல சக்கரங்கள் ஒன்றாகப் பிடித்துத் தள்ளும். நிலையத்துக்கு நிலையம் நின்று கிளம்பும் ரயிலில்தான் இதன் பலன் முழுமையாகத் தெரியும். எங்கும் நிற்காமல் நெடுந்தூரம் செல்லும் சரக்கு ரயிலில் அவ்வளவு தெரியாது.

நிற்கும்போது இன்னொரு லாபம். மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி, ரயிலின் வேகத்தை மின்சாரமாக்கிக் கம்பிக்குத் திருப்பி அனுப்பலாம். டீசலில் அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும்.

வடக்கே 25,000 வோல்ட்டும் நம் சிங்கப்பூர்ப் பெருவிரைவு ரயிலில் 750 வோல்ட்டும் ஏன்? ஒரு கணக்குப் போட்டால் போதும். ஒரு ரயிலுக்கு 3 மெகாவாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 25,000 வோல்ட்டில் அதற்கு 120 ஆம்பியர் போதும். 750 வோல்ட்டில் 4,000 ஆம்பியர் வேண்டும். ஆம்பியர் கூடினால் வழியில் இழப்பும் கூடும், ஆகவே துணைமின் நிலையங்களை நெருக்கமாக வைக்க வேண்டும். நகருக்குள் நிலையங்கள் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று இருப்பதால் அது சுமையில்லை. மாறாக, 25,000 வோல்ட் கம்பிக்குச் சுற்றிலும் இடைவெளி வேண்டும், ரயிலுக்குள் கனமான மின்மாற்றி வேண்டும். சுரங்கத்தைப் பெரிதாகத் தோண்ட வேண்டியிருக்கும். எனவே 1987இல் தொடங்கிய நம் ரயில்கள் தண்டவாளத்தின் பக்கத்தில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. 2003இல் திறந்த வடகிழக்குப் பாதையில் மட்டும் 1,500 வோல்ட் மேல்நிலைக் கம்பி. காடும் செம்பனைத் தோட்டமுமாக நீளும் ஜோகூர்ப் பாதையில் பல பத்து கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையம் வைத்தால் போதும் என்பதே 25,000 வோல்ட்டின் கவர்ச்சி.

அந்தக் கவர்ச்சிக்கு விலை உண்டு. ரயில் எடுப்பது ஒற்றைக் கட்ட மின்சாரம், நாட்டின் மின்கட்டமைப்போ மூன்று கட்டம், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும் மூன்று மின்னோட்டங்கள். ஒரே கட்டத்தில் பாரத்தை ஏற்றினால் சமநிலை கெடும். எனவே அடுத்தடுத்த துணைமின் நிலையங்கள் வெவ்வேறு கட்டங்களில் இணைக்கப்படுகின்றன. இரண்டு கட்டங்களும் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் இருக்க, நடுவே மின்சாரமில்லாத சிறு துண்டு ஒன்று விடப்படும். அதைக் கடக்கும் சில நொடிகளுக்கு ரயில் தன் ஓட்டத்திலேயே உருண்டு செல்கிறது. பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது.

மேலே ஓடும் கம்பி பக்கத்தில் உள்ள எல்லா உலோகத்திலும் மின்னழுத்தத்தைத் தூண்டும். வேலி, நடைமேடைக் கூரை, மேம்பாலத்தின் கைப்பிடி என எல்லாவற்றையும் நிலத்தோடு இணைக்க வேண்டும். பழைய சமிக்ஞைக் கம்பிகளை அப்படியே விட்டால் தவறான தகவல் தரக்கூடும்; கண்ணாடி இழைக் கம்பிக்கு மாற வேண்டும். என் தொழிலில் நாங்கள் அதிகம் பயப்படுவது இந்த மாதிரி வேலைகளுக்குத்தான். கம்பமும் கம்பியும் எல்லார் கண்ணிலும் படும். நிலத்திணைப்பு ஒன்று விட்டுப்போனால் யார் கண்ணிலும் படாது, ஒருவர் கை வைக்கும் வரை.

கலிஃபோர்னியாவில் நடந்தது

இதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில் இன்னொரு பாதை மாறியது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் ஹோசே வரை 82 கிலோமீட்டர் நீளமுள்ள கால்ட்ரெய்ன் புறநகர் ரயில், 2024 செப்டம்பர் 21 முதல் முழுவதுமாக மின்ரயிலாக ஓடுகிறது. அங்கும் 25 கிலோவோல்ட்தான். எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலுக்கு முன்பு ஏறத்தாழ 100 நிமிடம், இப்போது 75 நிமிடம். அங்கே இரட்டைப் பாதை முன்பே இருந்தது. ஆகவே இந்த 25 நிமிடங்களைத் தயக்கமின்றி மின்சாரத்தின் கணக்கில் எழுதலாம். நின்று நின்று கிளம்பும் ரயிலில் விரைவாக வேகமெடுப்பதன் மதிப்பு அதுதான். ஜோகூரில் பிரித்தறிய முடியாத பங்கை இந்த எண் பிரித்துக் காட்டுகிறது.

செலவு 240 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது, கெடுவும் தள்ளிப்போனது. எனக்குப் பெரிய பாடமாகப் பட்டது சாலைக் கடவைகளின் சிக்கல். ரயில் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதைத் தண்டவாளத்தில் செலுத்தும் மின்சமிக்ஞையின் மாற்றத்தைக் கொண்டு கணித்து, சரியான நேரத்தில் தடுப்பை இறக்கும் கருவிகள் அங்கே இருந்தன. மின்ரயில் எடுத்த மின்சாரம் திரும்பிச் செல்வதும் அதே தண்டவாளம் வழியாகத்தான். பழைய கருவிகள் அதோடு ஒத்துப்போகவில்லை. எஞ்சினை மாற்றப் போய், சாலையில் கார்கள் நிற்கும் நேரம் வரை எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. பூமிக்குள் வரைபடத்தில் இல்லாத குழாய்களும் கம்பிகளும் கிடந்து, கம்பங்களுக்கான அடித்தளம் தோண்டுவதைத் தாமதப்படுத்தின.

அங்கும் கம்பி ஓர் இடத்தில் நிற்கிறது. சான் ஹோசேக்குத் தெற்கே டேமியன் நிலையத்தோடு மின்சாரம் முடிந்துவிடும். அதற்கப்பால் கில்ராய் வரையிலான தண்டவாளம் ஒரு சரக்கு ரயில் நிறுவனத்துக்குச் சொந்தம். அங்கே இன்றும் டீசல் ரயில், பயணிகள் மாறி ஏற வேண்டும். ஜோகூர் பாருவில் ஒரு நாட்டின் எல்லை, கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனத்தின் எல்லை. உடைமை மாறும் இடத்தில்தான் இரண்டு கம்பிகளும் நிற்கின்றன. மின்பொறியியல் நூல் எதிலும் இந்தக் காரணம் எழுதப்பட்டிருக்காது.

கடற்பாலம்

இப்போது தொடக்கக் கேள்விக்கு வருகிறேன். கடற்பாலத்தின் மீது கம்பி இழுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

ஷட்டில் தெப்ராவ் 2015 ஜூலை முதல் தேதி தொடங்கியது. பயணம் ஐந்து நிமிடம். ஜோகூர் பாருவிலிருந்து வர 5 ரிங்கிட், உட்லண்ட்ஸிலிருந்து போக 5 சிங்கப்பூர் வெள்ளி. ஒரு நடைக்கு ஏறத்தாழ 320 பேர். ஐந்து நிமிடப் பயணத்தை மின்ரயில் நான்கு நிமிடமாக்கலாம். அதனால் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. பாதை ஒற்றை, ஒரு ரயில் போய்த் திரும்பிய பிறகே அடுத்தது. அரை மணிக்கு ஒன்று ஓட்டினாலும் ஒரு திசையில் மணிக்கு 640 பேர்தான். கடற்பாலத்தைக் கடப்பவர்களோ ஒரு நாளைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டார்சைக்கிளில் வரிசையில் நிற்பவர்களில் எத்தனையோ பேர் நம் பிள்ளைகள். மழையில் நனைந்தபடி அவர்கள் நிற்பதை என் வீட்டுப் பக்கம் தினமும் பார்க்கிறேன். அந்த வரிசையை ஒரு மின்கம்பி குறைத்திருக்காது.

அதனால்தான் இரு அரசாங்கங்களும் வேறு வழியைத் தேர்ந்தன. ஜோகூர் பாருவின் புக்கிட் சாகரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர் நீளமுள்ள ஆர்டிஎஸ் என்ற புதிய விரைவு ரயில் இணைப்பு, நீரிணைக்கு 25 மீட்டர் உயரத்தில் தனிப் பாலத்தில் செல்கிறது. நான்கு பெட்டிகள் கொண்ட எட்டு மின்ரயில்கள், ஒவ்வொன்றிலும் 607 பேர். உச்ச நேரத்தில் 3.6 நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர். 640 எங்கே, 10,000 எங்கே! 2026 இறுதியில் சேவை தொடங்கும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. அது தொடங்கிய ஆறு மாதத்துக்குள் ஷட்டில் தெப்ராவ் நிறுத்தப்படும்.

குடிநுழைவுச் சோதனையையும் அவர்கள் மாற்றி அமைத்தது இந்தத் திட்டத்தின் உயிர்நாடி என்பேன். இரு நாட்டுச் சோதனைகளும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும். இறங்கியதும் நேரே வெளியேறலாம். 1998இல் சிங்கப்பூர் தன் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா தஞ்சோங் பகாரிலேயே தொடர்ந்தது. அதனால் எத்தனை ஆண்டுகள் சர்ச்சை நீடித்தது என்பது நம் தலைமுறைக்கு நினைவிருக்கும். அந்த வரலாற்றைப் பார்த்தவர்களுக்குத்தான் இப்போதைய ஏற்பாட்டின் அருமை தெரியும்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் வகைப்படுத்தியது. மூடிய நடைமேடையில் உறுமிக்கொண்டு நிற்கும் எஞ்சினருகே குழந்தையோடு நிற்பவருக்கு மின்ரயில் உடனடி நன்மை. ஆனால் புகையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. தீபகற்ப மலேசியாவில் நிலக்கரிக்கு இன்றும் பெரிய பங்கு உண்டு. மின்நிலையம் சுத்தமாகச் சுத்தமாகத்தான் ரயிலும் சுத்தமாகும். டீசல் எஞ்சினுக்கோ அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

இரண்டு ரயில்களுக்கு நடுவே

என் கவலை இதுதான். இடிஎஸ் ஓடுவது மீட்டர் கேஜ் பாதையில் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்), ஆர்டிஎஸ் அகலமான வேறு பாதையில். ஒன்றின் ரயில் மற்றதில் ஓடவே முடியாது. 1923 முதல் இருந்த நேரடித் தொடர்பு, ஷட்டில் தெப்ராவ் நின்றதும், முடிவுக்கு வரும். அதற்குப் பதிலாக இருப்பது ஒரு நடை: இடிஎஸ் நிலையத்திலிருந்து சுங்க வளாகத்துக்கு, அங்கிருந்து பாலம் வழியாகப் புக்கிட் சாகருக்கு. நூற்றுக்கணக்கான கோடிகள் செலவிட்ட இரண்டு மின்ரயில்களின் பயனும் இந்த நடை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

இங்கே சில வேலைகள் இருக்கின்றன, எதற்கும் பெரிய செலவில்லை. ஆர்டிஎஸ் நள்ளிரவு வரை ஓடும். வடக்கிலிருந்து வரும் கடைசி இடிஎஸ் தாமதமானால் எல்லை கடக்க ரயில் கிடைக்குமா என்பதை இரு தரப்பும் சேர்ந்து அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பயணத்துக்கும் ஒரே டிக்கெட் வேண்டும். மின்தூக்கிகள் பெட்டி தூக்கி வருபவர்களைக் கணக்கில் வைத்து அமைய வேண்டும். அறிவிப்புகள் தமிழிலும் இருக்க வேண்டும். இந்தப் பாதையில் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் வரும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு மாமா குளுவாங்கிலிருந்து இடிஎஸ்ஸில் வந்தார். ஜோகூர் பாருவில் இறங்கி, எல்லை தாண்டி, மார்சிலிங்கில் என் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு அவருக்குப் பிடித்த நேரம், குளுவாங்கிலிருந்து ஜோகூர் பாரு வந்த நேரத்தைவிட அதிகம். கையில் பலகாரப் பை, கடிகாரத்தில் மணி பத்து. "தம்பி, அடுத்த வருடம் அந்தப் புது ரயில் ஓடும் அல்லவா?" என்றுதான் முதலில் கேட்டார். ஓடும் மாமா என்றேன். நிலையத்திலிருந்து நிலையத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அடுத்துக் கேட்டார். பூங்கொத்தும் ரிப்பனுமாகத் திறப்பு விழா நடக்கும் முன், அந்தப் பாதையை அவரோடு ஒருமுறை நடந்து பார்த்து நேரம் குறித்துக்கொள்வதாக இருக்கிறேன்.